உறுப்பும் உறுப்பினரும்

மக்கள் கூடி வாழும் இயல்பினர். பிறந்த குழந்தை தாயின் மடியை நாடுகின்றது. வளர்ந்த பிள்ளை தெருவிலுள்ள தோழரை நாடுகின்றது. முதிர்ந்தோர் ஊராரின் துணையை நாடுகின்றனர். இவ்வாறு நாடிச் சேர்வதனாலேயே குடும்பம், ஊர், சங்கம், நாடு என்னும் அமைப்புகள் தோன்றின. ஓர் அமைப்பிற் சேர்ந்தவரை உறுப்பினர் என்று தமிழ்மொழி வழங்குகின்றது. ஆழ்ந்த பொருளுடைய சொல் இது. கையும் காலும் கண்ணும் செவியும் உடலின் உறுப்புகள். உடலுக்காக உழைப்பது உறுப்பின் இயல்பு. உடலின் நோவைத் தானும் உணர்வது அதன் பண்பு. உடலோடு ஒட்டியிருந்தும் உணர்வற்றுக் கிடப்பதை மரத்துப்போன உறுப்பு என்பர். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு, இக்காலத்து இணையக் குழுக்களை நோக்குதல் வேண்டும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் அமைந்த ஊர் ஆமத்தூர். கரிசல் மண்ணும் வானம் பார்த்த வேளாண்மையும் உடையது இவ்வட்டாரம். இங்கே மழை குறைவு. மக்களின் உழைப்போ மிகுதி. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. இவ்வூரில் மேல்நிலை வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியின் கைப்பேசியை எண்ணிப் பார்க்கலாம். வகுப்புத் தோழியர்க்கென ஒரு வாட்ஸ்அப் குழு, முன்பு பயின்ற பள்ளியின் தோழியர்க்கென மற்றொரு குழு, தெருவுக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, உறவினர்க்கு இரண்டு, போட்டித் தேர்வுக்கு நான்கு, விருப்பமான நடிகர்க்கு ஒன்று. இவையன்றி முகநூல், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், யூடியூப் ஆகிய தளங்களிலும் கணக்குகள் உள்ளன. அவள் உறங்கி எழுவதற்குள் நூற்றுக்கணக்கான செய்திகள் வந்து குவிகின்றன. காலை வணக்கம் கூறுவோர்க்கு மறுமொழி கூற வேண்டும். பிறந்தநாள் காண்போர்க்கு வாழ்த்து விடுக்க வேண்டும். ஒரு குழுவில் எழுந்த பூசல் மற்றொரு குழுவிற்குப் பரவாமல் காக்க வேண்டும். இந்நிலை அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. நகரத்து அலுவலர்க்கும், கடல் கடந்து வாழும் தமிழர்க்கும் இதுவே நாள்தோறும் காணும் நிலை.

இத்தனை குழுக்களிலும் அவள் பெயர் காணப்படுகின்றது. ஆயின், இத்தனைக்கும் அவள் உறுப்பாக இருத்தல் இயலுமா? பெயர் இருத்தல் வேறு. உறுப்பாக இருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆமத்தூருக்கு அண்மையிலுள்ள விருதுநகரின் வரலாறே அதனை உணர்த்தும்.

விருதுநகர் முற்காலத்தில் விருதுபட்டி எனப்பட்டது. அவ்வூர் நாடார் வணிகர்கள், உறவின்முறை என்னும் அமைப்பின் வழியாக மகமை என்னும் வழக்கத்தைப் போற்றி வந்தனர். வணிகத்தில் கைமாறும் சரக்கின் அளவிற்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்குவதே மகமை. 1889ஆம் ஆண்டில் அங்கே சத்திரிய வித்தியாசாலை நிறுவப்பெற்றது. அப்பள்ளிக்கு வீடுதோறும் பிடி அரிசி திரட்டும் வழக்கமும் இருந்தது. உலையில் இடுவதற்கு அரிசி எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனியே கலயத்தில் இட்டு வைப்பர். அவ்வாறு சேர்ந்த அரிசி பின்னர்த் திரட்டப்பெற்றுப் பள்ளிக்குப் பயன்பட்டது. அப்பள்ளியிற் பயின்ற பிள்ளைகளுள் ஒருவரே காமராசர். அவர் 1954ஆம் ஆண்டில் முதலமைச்சர் பொறுப்பேற்றார். 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டமும், 1958இல் எழுந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கமும் ஊர்மக்கள் மனமுவந்து அளித்த பொருளையும் துணையாகக் கொண்டு வளர்ந்தன. பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியிற் பயின்றவர்க்கு ஊர் கூடி ஈவதன் ஆற்றல் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

பிடி அரிசி இட்ட தாய்மார் கூட்டத்தில் நின்று பேசினாரல்லர். தம் பெயரைப் பொறித்து வைத்தாருமல்லர். எனினும், அவர்களே அப்பள்ளியின் மெய்யான உறுப்பினர். நாள்தோறும் ஏதேனும் ஒன்றை ஈந்தனர் என்பதே அதற்குக் காரணம். மற்றொன்றும் கருதத்தக்கது. எளிய குடும்பம் ஒன்று தன் உலையிலிருந்து ஒரு பிடியே எடுத்தல் இயலும். அந்த ஒரு பிடியை இருபது கலயங்களுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றிலும் சில மணிகளே விழும். எந்தக் கலயமும் நிறையாது. இருபது கலயத்திற்கும் இருபது பிடி இடப் புகுந்தாலோ, வீட்டு உலை வற்றிவிடும்.

இணையத்தில் ஒருவர் ஈயும் அரிசி அவருடைய காலமும் கருத்துமே ஆகும். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்பது எல்லார்க்கும் பொது. உறக்கமும் உணவும் கல்வியும் வீட்டுப்பணியும் போக எஞ்சுவது ஒரு பிடி அளவே. அதனை எத்தனை கலயத்தில் இடுவது என்பதே கேள்வி.

இவ்வாறு கூறுவதனால் இணையக் குழுக்கள் யாவும் வீண் என்பது பொருளன்று. உறவின்முறை ஒரு சமூகத்தார் தமக்குள் அமைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பிறப்பினாலேயே ஒருவர் அதனுட் புகுந்தார். தாமே தேர்ந்து சேர்தல் அங்கே இல்லை. இணையமோ பிறப்பையும் ஊரையும் கடந்து, ஒத்த விருப்பமுடையோரை ஒன்று சேர்க்க வல்லது. வானியலில் ஆர்வமுடைய பெண்ணொருத்திக்குத் தன் தெருவில் ஒரு துணையும் கிடைக்காமற் போகலாம். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அவளைப் போன்றோர் பலர் இருக்கக்கூடும். அவர்களோடு உரையாடும் வாய்ப்பை முன்னாளில் செல்வரும் பெற்றிலர். இன்று எளியோரும் பெறுகின்றனர். இஃது இக்காலம் அளித்த பெரும்பேறு.

அப்பேற்றைப் பயன்படுத்தியோர் செய்த பணிகள் பல. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியல் அறிஞர் அதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர், ஒருவரை ஒருவர் நேரிற் காணாமலேயே கூடிப் பணியாற்றினர். சிலர் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டச்சுச் செய்தனர். சிலர் பிழை திருத்தினர். சிலர் இணையத்தில் ஏற்றினர். கூலி பெற்றவர் ஒருவரும் இலர். அவர்கள் திரட்டிய நூல்களைச் சிற்றூர் மாணவரும் இன்று விலையின்றிப் படிக்கலாம். 2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரும் ஐக்கிய அரபு நாட்டிற் பணிபுரிந்தவருமாகிய மயூரநாதன் அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். இவர்கள் நூறு குழுக்களில் தம் பெயரைப் பதிந்து வைத்துப் பெருமை கொண்டவர்கள் அல்லர். ஒரு கலயத்தில் நாள்தோறும் ஒரு பிடி இட்டவர்கள். ஆதலின் அக்கலயம் நிறைந்தது.

பல குழுக்களில் ஒருங்கே உழைப்பது ஏன் இயலாது என்பதற்கு அறிஞர் சில காரணம் காட்டுவர். இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர் ராபின் டன்பார் 1990களின் தொடக்கத்தில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு மனிதர் உறுதியான உறவு கொண்டு பழகக்கூடியவர் ஏறத்தாழ 150 பேரே என்பது அக்கருத்து. அவ்வெண் சரிதானா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் நட்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பட்டறிவு உடையோர் மறுக்கமாட்டார். வாட்ஸ்அப் குழு ஒன்றில் 2022ஆம் ஆண்டு முதல் 1,024 பேர் வரை சேரலாம். இத்தகைய குழுக்கள் பத்தில் இருப்பவர், பெயரளவில் பதினாயிரம் பேரோடு உறவுடையவர் ஆகிறார். அவர்களுள் துன்பம் வந்த நாளில் அவர் வீட்டு வாயிலில் வந்து நிற்பவர் எத்தனை பேர்?

சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. ஒரு பணியை முடிக்காமல் மற்றொரு பணிக்குச் செல்லும்போது, கருத்தின் ஒரு பகுதி முன்னைய பணியிலேயே தங்கிவிடுகின்றது என்று அவர் கண்டார். கணக்குப் பாடத்தின் நடுவே ஒரு குழுவை எட்டிப்பார்த்து மீள்பவர், ஒரு நிமிடம் மட்டுமே செலவானதாக எண்ணுவர். உண்மையில், உடல் மீண்ட பின்னும் உள்ளம் அக்குழுவிலேயே உலவிக்கொண்டிருக்கும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. இன்றைய தச்சனின் முன்னே மரங்கள் தாமே வந்து நின்று, என்னை வெட்டு, என்னை வெட்டு என்று அழைக்கின்றன.

அவ்வாறு அழைப்பதற்கும் காரணம் உண்டு. முகநூலும் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பெரும்பாலும் விளம்பரத்தால் பொருள் ஈட்டுவன. மக்கள் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்திருக்கின்றனரோ, அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆதலின் மணியோசை எழுப்பியும், சிவப்புப் புள்ளி காட்டியும், புதிய குழுக்களைப் பரிந்துரைத்தும் அவை மக்களை மீண்டும் மீண்டும் வரவழைக்கின்றன. கடைக்காரர் வாயிலில் நின்று அழைப்பது குற்றமன்று. அழைத்த கடைதோறும் நுழைந்து கைப்பொருளைச் செலவிடுவோர் வீடு சேரும்போது வெறுங்கையராவர் என்பதை மறத்தல் கூடாது.

காலம் வீணாதல் ஒரு தீங்கு. அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பல குழுக்களில் இருப்பவர் எந்தச் செய்தியையும் ஆராய நேரமின்றி, ஒன்றில் வந்ததை மற்றொன்றிற்குத் தள்ளிவிடும் வெறும் வாய்க்கால் ஆகிவிடுகிறார். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, இளைஞர் பலர் இக்குழுக்களின் வழியாகவே படகும் உணவும் மருந்தும் உரிய இடத்திற்குச் சேரச் செய்தனர். அஃது அவர்களின் பெருமை. அதே நாள்களில், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்னும் பொய்யும் குழுவுக்குக் குழு தாவியது. பண்ணையார் மறுத்துரைக்க வேண்டியதாயிற்று.

2018ஆம் ஆண்டில் நேர்ந்ததோ நெஞ்சை உருக்குவது. குழந்தைகளைக் கடத்துவோர் ஊர்களில் உலவுகின்றனர் என்னும் வதந்தி அவ்வாண்டு வாட்ஸ்அப் வழியே தமிழகமெங்கும் பரவிற்று. மே மாதத்தில், தம் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற 65 அகவை மூதாட்டி ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதியில் வழியிற் கண்ட குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். அன்பினால் நீட்டிய அக்கையைக் கண்டு ஐயுற்ற கூட்டம், அவரை அடித்துக் கொன்றது. அவ்வதந்தியைத் தொடங்கியவர் எவரோ. அதனை அனுப்பியவரோ ஆயிரக்கணக்கானோர். அவ்வாயிரவரும் கொடியவர் அல்லர். தம் குழுவினர்க்கு நன்மை செய்வதாகவே எண்ணியிருப்பர். ஒரு நிமிடம் நின்று, இது மெய்யா என்று கேளாமையே அவர்தம் பிழை. அவ்வாண்டு சூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு கட்டியது. 2020ஆம் ஆண்டில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று அவ்வரம்பை மேலும் குறுக்கியது. கருவியில் வரம்பு கட்டலாம். கருவியை ஏந்தும் கைக்கு வரம்பு கட்ட வேண்டுவது மனமே.

பட்டாசுத் தொழில் நடக்கும் வட்டாரத்தில் இதன் அருமை மிகுதி. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசிக்கு அண்மையிலுள்ள முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர்; உதவ ஓடியவரும் பார்க்கச் சென்றவருமே அவர்கள். ஆமத்தூர் போன்ற ஊர்களில் தொலைவில் வெடியோசை கேட்டால், வேலைக்குச் சென்ற தந்தையையும் தாயையும் எண்ணி வீடுதோறும் நெஞ்சு துடிக்கும். அவ்வேளையில் இருபது குழுக்களில் இருபது செய்தி வந்தால், எதனை நம்புவது? பழைய விபத்தின் படத்தை ஒருவர் புதிய படமாக அனுப்புகிறார். இறந்தோர் எண்ணிக்கையை மற்றொருவர் பெருக்கிக் கூறுகிறார். வேறோர் ஆலையின் பெயரை இன்னொருவர் எழுதிவிடுகிறார். ஒவ்வொரு பொய்ச்செய்தியும் ஒரு வீட்டில் ஓலம் எழச் செய்யும். ஒரே ஒரு குழு, ஒருவரை ஒருவர் அறிந்த மக்களைக் கொண்டதாய், அறிந்ததை மட்டும் கூறுவதாய், அருகிற் செல்லாதீர் என்று தடுப்பதாய், 108 ஊர்திக்கும் குருதிக் கொடைக்கும் வழி செய்வதாய் இருந்தால், அந்த ஒன்றே நூறு குழுக்களினும் சிறந்தது. அத்தகைய நம்பிக்கை ஒரு நாளில் தோன்றுவதன்று. நெடுநாள் பழகி, நெடுநாள் பொறுப்புடன் நடந்த உறுப்பினராலேயே அஃது அமையும்.

பல குழுக்களில் வாழ்வோர்க்கு வரும் மற்றொரு கேடு, குழுவுக்கொரு முகம் கொள்ளுதல். ஓரிடத்தில் பணிவு, ஓரிடத்தில் பழிச்சொல், பெயர் மறைத்த மூன்றாமிடத்தில் நேரிற் சொல்லக் கூசும் இழிசொல். இடத்திற்கேற்பப் பேசுவது நாகரிகம். இடத்திற்கேற்ப உண்மையை மாற்றுவது கரவு. பல முகங்களை அணிந்து பழகியவர்க்குத் தம் சொந்த முகம் எது என்பதே ஒருநாள் மறந்துபோகும்.

மேலும், இத்தளங்கள் நிலைபேறு உடையன அல்ல. 2004ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்க்குட் என்னும் தளத்தில் இந்திய இளைஞர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். 2014 செப்டம்பர் 30ஆம் நாள் அது மூடப்பட்டது. 2011இல் கூகுள் தொடங்கிய கூகுள் பிளஸ், பொதுமக்கள் பயன்பாட்டிலிருந்து 2019இல் மறைந்தது. தமிழகத்துச் சிற்றூர்களிலும் பலரை ஆடவும் பாடவும் செய்த டிக்டாக், 2020 சூன் 29ஆம் நாள் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அத்தளங்களில் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்த நண்பர் பட்டியல்கள் என்னவாயின? அங்கே தொடங்கி, வீட்டுக்கு வந்து உண்டு, துன்பத்திற் பங்கு கொண்ட சில நட்புகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. பட்டியல் அழியும், பழகிய நட்பு அழியாது.

ஆதலின், குழுவிற் சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் மாணவர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளல் நலம். இக்குழுவிற்கு என்னால் ஈயத்தக்கது யாது? இதனால் யான் கற்பது யாது? யான் ஒரு திங்கள் வாராதிருந்தால் என்னைத் தேடுவார் எவரேனும் உளரோ? மூன்றுக்கும் விடையில்லாத குழுவிலிருந்து, பூசலின்றிப் பணிவுடன் விலகிக்கொள்ளலாம். விலகுதல் பகைமை அன்று. வந்த விருந்தினரை முகமலர்ச்சியோடு வரவேற்க விரும்புவோர், ஊர் முழுவதையும் ஒரே நாளில் அழைப்பதில்லை. எஞ்சிய சில குழுக்களில் முழுமனத்தோடு பங்கு கொள்ளுதல் வேண்டும். ஐயத்திற்கு விடை கூறுவதும், பிழையைப் பண்புடன் திருத்துவதும், மெய்யெனத் தெளியாததை அனுப்பாதிருப்பதும், துன்புற்றோரைத் தனியே அழைத்து நலம் உசாவுவதும் இக்காலத்துப் பிடி அரிசி ஆகும். இவற்றிற்குப் பணம் வேண்டுவதில்லை. கல்விப் பட்டமும் வேண்டுவதில்லை.

கைப்பேசியை மூடி வைத்த பின்னும் தொடரும் குழுக்களை மறத்தலும் ஆகாது. வீடும் வகுப்பறையும் தெருவும் நூலகமும் விளையாட்டுத் திடலும் ஒருவரின் முதற் குழுக்கள். அங்கே அருகில் அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்காது, தொலைவில் இருப்பவர்க்கு வணக்கம் அனுப்புவது, வீட்டு உலையை அணைத்துவிட்டு அயலூர் விருந்துக்கு விறகு சுமப்பது போன்றதாகும்.

எத்தனை குழுக்களில் பெயர் உள்ளது என்பது ஒருவர்க்குப் பெருமை தருவதன்று. எந்தக் குழு அவரால் நன்மை பெற்றது என்பதே பெருமை. கை ஓர் உடலுக்கே உரியது. அதனாலேயே அது வலிமையுடன் உழைக்கின்றது. மனிதர்க்கு ஒரு குழு போதாது, சில வேண்டும். அச்சிலவற்றைத் தேர்ந்து, அவற்றின் நோவைத் தம் நோவாக உணர்ந்து உழைப்பவரே உறுப்பினர் என்னும் பெயர்க்கு உரியவர். இளமையிலேயே இத்தேர்ச்சியைப் பழகிக்கொள்வோர், தமக்கும் தம் ஊர்க்கும் நாட்டிற்கும் உறுதுணையாய் விளங்குவர்.